கட்டர் படமும் நான் மாற்றிச் சொன்ன வசனமும்

அந்தப் படம் என் கைக்கு வந்தது ஒரு பழுதான வீடியோ பெட்டியின் வயிற்றுக்குள் இருந்து.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலாக்காவின் காஜா பெராங் சாலையோரத்தில், ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு கடை இருந்தது. கடை என்றால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. நான் உள்ளே இருந்தால் வாடிக்கையாளர் வெளியே நின்றுதான் பேசவேண்டும். ரேடியோ, டிவி, வீடியோ பெட்டி என்று எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை, சீன வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே போன கேசட் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாம். "கேசட் எனக்கு வேண்டாம், பெட்டி பிழைத்தால் போதும்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூடியைக் கழற்றினேன். நாடா வெளியே வந்து உருளையில் மீ கோரெங் நூடுல்ஸ் மாதிரி சிக்கிக்கிடந்தது. பொறுமையாக எடுத்தேன். கசங்கிய ஒரு முழத்தை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டினேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பெட்டியில் நாடாவைப் படிக்கும் தலையைத் துடைத்தேன். அந்த ஸ்பிரிட் வாசம் இன்றும் எங்காவது மூக்கில் ஏறினால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் படம்தான்.

கேசட்டின் முதுகில் நீல மையில் சீன எழுத்து. என்ன படம் என்று தெரியவில்லை. கடையில் இருந்த சின்ன டிவியில் மாட்டி ஓட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் ஒருவன் தலை சிதறியது. பத்தாவது நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிய இரண்டு வாரமும் ஊர் முழுக்கப் பேசிய கட்டர் படம்!

## வெட்டுப்பட்டதும் வெட்டுப்படாததும்

படத்தின் உண்மையான பெயர் வேறு. எங்கள் வட்டாரத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. நாயகன் கையில் இரும்பு வெட்டும் கேஸ் கட்டர் இருக்கும், அதனால் கட்டர் படம். இளைஞர்கள் இப்போது அதைத் தேடிப்பிடித்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேள்வி. அந்தக் காலத்தில் அது இரண்டு வாரம் ஓடிவிட்டுக் காணாமல்போன படம்.

மலாக்கா டவுனில் ஓடியபோது நான் பார்த்திருந்தேன். தணிக்கைக்காரர்கள் கத்தரித்தது போக மீதியைத்தான் காட்டினார்கள். நாயகன் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போவான். அடுத்த காட்சியில் சட்டை கிழிந்து வெளியே வருவான். உள்ளே என்ன நடந்தது என்பது தணிக்கைக்காரருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ரசிகர்கள் சீட்டைக் குத்திக்கொண்டு கத்தினார்கள். கடைசி ரீல் தொடங்கியதா என்று நினைப்பதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அதனால் எனக்கும் படத்தின் முடிவு தெரியாது. இது முக்கியம். தெரிந்திருந்தால் அந்தக் கேசட்டை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கவே மாட்டேன்.

பழுதுபார்த்த பெட்டியை வீட்டில் ஒரு முழுப் படமாவது ஓடவிட்டுப் பார்த்துத்தான் திருப்பித் தருவேன். தொழில் சுத்தம் என்று சொல்லிக்கொள்வேன். எங்களிடம் சொந்தமாக வீடியோ பெட்டி இல்லை என்பதுதான் நிஜக் காரணம். அடுத்தவர் பெட்டியில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின.

அதில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆங்கிலத்தில் படித்த கடைசிச் சில வகுப்புகளில் எங்கள் வகுப்பும் ஒன்று. அதனால் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். அம்மாவுக்கும் அண்ணிக்கும் தமிழில் சொல்லவேண்டும். சில வாரங்களில் பின்வீதிச் செட்டி வீட்டுக்காரர் ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தமிழை மறந்து பல தலைமுறையான மலாக்காச் செட்டி; நெற்றி நிறைய விபூதி, பேச்சு முழுக்க மலாய். அவருக்கு அதையே மலாயிலும் சொல்லவேண்டும். இரண்டையும் சொல்லி முடிப்பதற்குள் படத்தில் இன்னும் இரண்டு பேர் செத்திருப்பார்கள்.

## அண்ணன் இல்லாத வீடு

எங்கள் வீட்டைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதுவரை எழுதியவற்றில் அண்ணனை அதிகம் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

சேகரன் அண்ணன் நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டில், ஐம்பத்தேழில், பிறந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் எனக்கு எல்லாமே அவர்தான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, நீந்தப் பழக்கியது, என் முதல் சோல்டரிங் கம்பியை வாங்கித் தந்தது எல்லாம் அவர். ஆள் நல்ல உயரம். சிரித்தால் எதிரே நிற்பவரும் காரணம் தெரியாமல் சிரிப்பார்.

படகுப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குச் சேர்ந்தார். அப்போது மகள் மாலதிக்கு மூன்று வயது. அண்ணி லெட்சுமிக்கு என்னைவிட ஒரே ஒரு வயதுதான் கூட. பக்கத்து எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார்.

முதலில் கடிதங்கள் வந்தன. கப்பலுக்கு முன்னால் நிற்கும் ஒரு போட்டோ வந்தது. அதைச் சட்டம் போட்டு என் கடையில் மாட்டினேன். பிறகு ஒரு பாலத்தின் படம் போட்ட அஞ்சலட்டை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. படம் பார்த்த சமயத்தில் ஒன்றரை ஆண்டாகிவிட்டது, ஒரு வரிகூட வரவில்லை.

அம்மா தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அது எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். அண்ணி இதைப் பற்றி எதுவும் பேசமாட்டார். காலையில் தொழிற்சாலை பஸ் ஏறுவார், சாயங்காலம் இறங்குவார், மாலதியைக் குளிப்பாட்டுவார். ஒரு நாளும் அழுது நான் பார்த்ததில்லை.

## ஞாயிற்றுக்கிழமை மதியம்

சாப்பாடு முடிந்திருந்தது. வெளியே நல்ல வெயில், தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அம்மா தரையில் முறத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். அண்ணி தொழிற்சாலைச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். செட்டி வீட்டுக்காரர் அன்று வரவில்லை. மாலதியை வெளியே விளையாட அனுப்பினோம். அவள் சன்னல் வழியாகப் பார்த்தது பல காலம் கழித்துத்தான் தெரிந்தது.

கதை இதுதான். எதிர்காலத்தில் ஒரு நகரம். கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் ஒரு பெரிய நிறுவனம். ஆட்களை ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கீழே அனுப்பும். நாயகன் ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்புகிறான். மனைவி மகிழ்ச்சியாக இருக்கிறாள். ஒரு நாள் சந்தையில் நடக்கும் சண்டையில் எவனோ கட்டரால் அவன் கையை வெட்டிவிடுகிறான். இரத்தம் வரவில்லை. உள்ளே ஒயர்.

அவன் மனிதன் இல்லை, இயந்திரம். அது அவனுக்கே தெரியாது. புருஷனின் முகத்தை ஒட்டி, நினைவுகளை ஏற்றி, நிறுவனம் வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறது. அதற்குப் பிறகு படம் முழுக்க அடிதடி. இந்த முகத்துக்குச் சொந்தக்காரன் எங்கே என்று கேட்டுக்கொண்டே அவன் மாடி மாடியாக ஏறுகிறான். பதில் சொல்லாதவர்களை என்ன செய்கிறான் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

அம்மா, "ஐயோ, இதையெல்லாமா படம்னு எடுக்கிறானுங்க?" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

இயந்திரம் என்று தெரிந்த இடத்திலேயே அண்ணியின் கை நின்றுவிட்டது. ஊசியைத் துணியில் குத்திவிட்டு டிவியையே பார்த்தார்.

"அப்போ உண்மையான ஆளு எங்க, தம்பி?"

"அதத்தான் அண்ணி தேடுறான்."

கடைசியில் அவன் மேல்மாடிக்குப் போய்விடுகிறான். நான் அரங்கில் பார்க்காத பகுதி. முதலாளி ஒரு நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பயப்படாமல், பொறுமையாக ஏதோ விளக்குகிறான். பிறகு அந்த இயந்திரம், பாதி முகம் எரிந்துபோய், வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. மனைவி கதவைத் திறக்கிறாள். அவன் பேசுகிறான்.

அவன் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: "உன் கணவன் சாகவில்லை. தன் முகத்தை அவர்களிடம் விற்றுவிட்டு, வேறு ஊரில் வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் வரமாட்டான். காத்திருக்காதே."

டிவியில் அந்த மனைவி கதவில் சாய்ந்து நிற்கிறாள். அம்மா வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அண்ணியும் என்னைத்தான் பார்த்தார்.

"என்னா சொல்றான் தம்பி?"

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு சொன்னேன்.

"உன் புருஷன் சாகலன்னு சொல்றான், அண்ணி. அவர எங்கயோ அடைச்சு வச்சிருக்கானுங்களாம். அவரு உன் நெனப்பாவே இருக்காராம். எப்படியும் வந்துருவாரு, காத்திருன்னு சொல்றான்."

அம்மா பெருமூச்சு விட்டு, "முருகா" என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த இயந்திரம் மறுபடி கட்டரை எடுத்துக்கொண்டு நிறுவனத்தைக் கொளுத்தப் போகிறது. "அவர விடுவிக்கப் போறான்" என்றேன். பொய் படத்தோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இப்படி ஒரு திறமை எனக்கு இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

அண்ணிமீது இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. அண்ணன் வருவார் என்று யாராவது சொல்லவேண்டும் என்று எனக்கும் இருந்தது. யாரும் சொல்லவில்லை, அதனால் நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெட்டியைச் சீன வியாபாரியிடம் கொடுத்தேன். கேசட்டைப் பிரித்து, நாடாவை உருவி, கடைக்குப் பின்னால் இருந்த பீப்பாயில் போட்டு எரித்தேன். கறுப்பாக உருகி, கெட்ட நாற்றம் அடித்தது.

## மாணிக்கம் வந்தார்

மூன்று நான்கு மாதம் போயிருக்கும். புக்கிட் ரம்பாயிலிருந்து மாணிக்கம் என்றொருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணியின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவியை இழந்தவர். சட்டை மடிப்புக் கலையாமல், கையில் ஆப்பிள் பையோடு வந்து, அம்மாவிடம் நேராகவே கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அம்மா. இவ்வளவு நாளா அவங்க வீட்டுக்காரர் தகவல் இல்ல. சட்டப்படி செய்யவேண்டியத செஞ்சிட்டு, அவங்க சம்மதிச்சா, நான் பார்த்துக்குவேன்."

அம்மா கோபப்படவில்லை. "அவகிட்டயே கேளுங்க" என்று உள்ளே போய்விட்டார். அந்தத் தலைமுறையில் அப்படிச் சொன்ன மாமியார்கள் குறைவு.

அண்ணியும் அவரும் வாசலில் நின்று கால்மணி நேரம் பேசினார்கள். நான் உள்ளே ரேடியோவைத் திருகுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. மாணிக்கம் போன பிறகு அண்ணி உள்ளே வந்தார்.

"என்னா அண்ணி சொன்னீங்க?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன் அண்ணி? நல்ல ஆளா தெரியுறாரு."

"வேணாம்னா வேணாம், தம்பி. சோறு போடவா?"

அவ்வளவுதான். ஆனால் எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். காத்திரு என்று நான் சொன்னேன், அவர் காத்திருக்கிறார். இருபத்தாறு வயதுப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு வசனத்தை மாற்றி நான் பூட்டிவிட்டேன்.

அந்த நினைப்போடுதான் மற்ற காலமெல்லாம் போயிற்று. என் திருமணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு நல்ல காரியத்திலும் அண்ணி தாலியோடு, குங்குமத்தோடு, தனியாக நிற்பதைப் பார்க்கும்போது பந்தி வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன். அம்மா காலமானபோது, கடைசி வாரத்தில்கூட, "சேகரன் வந்தா சாவி எங்க இருக்குன்னு சொல்லு" என்றார். அண்ணி, "சொல்றேன் அத்தை" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பல தடவை உண்மையைச் சொல்ல வாய் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

## கிளேபாங் வீட்டில்

மாலதி இப்போது கடலோரக் கிளேபாங்கில் இருக்கிறாள். இடைநிலைப் பள்ளி ஆசிரியை. அண்ணி அவளோடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் போய்விடுவேன். அண்ணி கேட்கும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா தம்பி?" ஆயிற்று என்று சொன்னாலும் தோசை வந்துவிடும்.

சில காலத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு. நான் போய் உட்கார்ந்ததும் மாலதி சொன்னாள்.

"சித்தப்பா, ஒரு சப்ரைஸ். சின்ன வயசுல பார்த்தோமே, அம்மா அழுத படம். அந்தக் கட்டர் படம். கிடைச்சிருச்சு."

சுவரை அடைத்துக்கொண்டு இருந்த டிவியில் நீல வானமும் அந்த நகரமும் தெரிந்தன. பழுது நீக்கி, நிறம் தேற்றி, புதிதுபோல் ஆக்கியிருந்தார்கள். அடியில் மலாய் வசன வரிகள் ஓடின.

கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தேன். அண்ணிக்குச் சின்ன வயதில் மலாய் படிக்கத் தெரியாது. ஆனால் இருபத்தைந்து ஆண்டு தொழிற்சாலையில் சுவரில் ஒட்டிய அறிவிப்புகளைப் படித்துப் படித்தே எழுத்துக்கூட்டி, இப்போது நாளிதழே வாசிப்பார்.

"வேற ஏதாவது போடும்மா. இது ஒரே வெட்டுக் குத்து" என்றேன்.

"அதுக்குத்தான் போடுறேன் லா. என் மாணவங்க எல்லாம் பெரிய காவியம்னு சொல்றானுங்க."

அண்ணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "போடு, பார்ப்போம்."

பழைய படத்தைத் திரும்பப் பார்ப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். தலை சிதறும் காட்சியில் அந்தக் காலத்தில் அம்மா கண்ணை மூடினார். இப்போது பார்த்தால் அது மெழுகுத் தலை என்று அப்பட்டமாகத் தெரிகிறது. சுரங்கம் அட்டைப்பெட்டி. கட்டரிலிருந்து வரும் நெருப்பு மட்டும்தான் நிஜம். மாலதி நான்கைந்து இடங்களில் சிரித்துவிட்டாள்.

ஆனால் அந்த நாயகன் தன் வெட்டுப்பட்ட கையைப் பார்க்கும் பார்வை அப்படியேதான் இருந்தது. அதை யாரும் பொம்மையில் செய்திருக்க முடியாது. அந்த இடத்தில் மாலதியும் சிரிக்கவில்லை.

வாசல் காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. பாதி முகம் எரிந்தவன் கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். மலாய் எழுத்துகள் ஒவ்வொரு வரியாக வந்தன. விற்றுவிட்டான். போய்விட்டான். வரமாட்டான். காத்திருக்காதே.

அண்ணி படத்தை நிறுத்தச் சொன்னார்.

## அண்ணி பேசினார்

"தம்பி, நீங்க அன்னிக்கு வேற மாதிரில்ல சொன்னீங்க?"

"ஆமா அண்ணி."

"தெரிஞ்சே சொன்னீங்களா, புரியாம சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான். மாத்திச் சொல்லிட்டேன். அண்ணன் வந்துருவாருன்னு... அம்மா வேற பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதனாலதான் நீங்க மாணிக்கத்த வேணாம்னு சொல்லிட்டீங்க. முப்பது வருஷத்துக்கு மேல மனசுல வச்சிக்கிட்டு இருக்கேன். என்னா வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கேலியாக இல்லை. உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"ஒரு படத்துல ஒருத்தன் சொன்னான்னா நான் காலத்துக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்? என்னை அவ்வளவு முட்டாளாவா நெனச்சீங்க?"

நான் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன்.

"மாணிக்கம் நல்ல மனுஷந்தான். ஆனா மாலதிய அத்தைகிட்டயே விட்டுட்டு வரணும்னாரு. அவருக்கு ஏற்கனவே ரெண்டு பிள்ள. மூணாவது சூசாவாம், கஷ்டமாம். நான் போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் கதை."

மாலதி அம்மாவின் தோளில் கை வைத்தாள். அண்ணி அவளைப் பார்த்து, "சொல்லிரவா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

"நீங்க அன்னிக்குச் சொன்னதுல ஒண்ணு மட்டும் மனசுல நின்னுருச்சு, தம்பி. எங்கயோ அடைச்சு வச்சிருக்கானுங்கன்னு சொன்னீங்க இல்ல? ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. இவரும் எங்கயாவது ஜெயில்ல கிடக்கிறாரோ, நாம கேக்காமலே இருக்கோமோன்னு. ஜொகூர்ல கூட்டாளி கல்யாணம்னு சொல்லிட்டு ரெண்டு நாள் போனேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மாலதிக்கு நான்தான் அந்த இரண்டு நாளும் சோறு ஊட்டினேன்.

"கல்யாணமும் இல்ல ஒண்ணும் இல்ல. பஸ் ஏறி சிங்கப்பூருக்குப் போனேன். கடுதாசில இருந்த கப்பல் ஆபீஸ் விலாசத்த வச்சிக்கிட்டு விசாரிச்சிப் போய்ச் சேர்ந்தேன். அங்க குமாஸ்தா வேலையில ஒரு தமிழ்க் கிராணி இருந்தாரு. பெரிய புத்தகத்தப் பிரிச்சிப் பார்த்தாரு. உங்க வீட்டுக்காரரு பத்து மாசத்துக்கு முன்னாடியே ஒரு துறைமுகத்துல அவரா இறங்கிட்டாரு அம்மா, கையெழுத்து போட்டிருக்காருன்னு காட்டுனாரு. அவரு கையெழுத்துதான். அந்த சே எழுத்துக்கு மேல வளைச்சு ஒரு கோடு போடுவாரே, அதே."

வெளியே யாரோ பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

"விட்டுப்போன விலாசம் ஒண்ணு அதுல இருந்துச்சு. கிராணி எழுதிக் குடுத்தாரு. கடுதாசி போட்டேன். பதில் தொழிற்சாலைக் கூட்டாளி வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்துச்சு. நாலே வரி. இங்க ஒரு குடும்பம் இருக்கு, தேட வேணாம், அம்மாகிட்ட சொல்ல வேணாம்னு. கிழிச்சி அடுப்புல போட்டேன்."

"மாணிக்கம் வந்தப்போ..."

"அப்பவே எல்லாம் தெரியும் எனக்கு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"அத்தை இருந்தாங்க. புள்ள செத்துட்டான்னா தாங்கிக்கிட்டிருப்பாங்க. புள்ள விட்டுட்டுப் போய்ட்டான்னா தாங்கமாட்டாங்க. அப்புறம் உங்களுக்கும் எப்படிச் சொல்றது? கடையில அவரு போட்டோ. வர்ற ஆளுகிட்டயெல்லாம் எங்கண்ணன் கப்பல்ல இருக்காருன்னு சொல்லுவீங்க. சொல்லும்போது உங்க முகத்தப் பார்த்திருக்கேன் தம்பி. அதப் பார்த்தா யாருக்கு வாய் வரும்?"

நான் மாலதியைப் பார்த்தேன். "உனக்கு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மா சொல்லிட்டாங்க, சித்தப்பா."

ஆக, இத்தனை காலமும் அந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான். அண்ணியைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் என்னைக் காப்பாற்ற ஓர் ஆயுள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். தாலியோடும் குங்குமத்தோடும்.

கோபம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. முதலில் அண்ணன்மீது. பிறகு, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அண்ணிமீதும் வந்தது. எனக்கு நாற்பது வயதாகி, ஐம்பதாகி, தலை நரைத்த பிறகும்கூடச் சொல்லவில்லையே என்று. ஒரு ஞாயிறு கிளேபாங் பக்கமே போகவில்லை. அடுத்த ஞாயிறு மாலதி தொலைபேசியில், "அம்மா தோசை மாவு வீணாப்போகுதுங்கிறாங்க" என்றாள். போனேன்.

## ஆடி அமாவாசை

அன்று தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்று கேட்டேன்.

அம்மா போன பிறகு ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்கு விடியற்காலையில் கிளேபாங் கடற்கரைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுக்கிறேன். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, மூன்றாவதாக அண்ணனுக்கு. இனி வரமாட்டார் என்று எனக்கே பட்டுவிட்ட பிறகு, ஐயரிடம் கேட்டுத்தான் அவர் பெயரையும் சேர்த்தேன். எள்ளும் அரிசியும் ஒவ்வொரு வருடமும் பொட்டலம் கட்டித் தருவது அண்ணி.

"தெரிஞ்சிக்கிட்டேதான் கட்டிக் குடுத்தீங்களா அண்ணி?"

"நீங்க அவரக் கரையேத்திட்டு நிம்மதியா வருவீங்க. அத ஏன் கெடுக்கணும்?"

"இந்த வருஷம் நான் என்னா செய்யிறது?"

அண்ணி தோசைக்கல்லில் எண்ணெய் தடவினார்.

"மாமாவுக்கும் அத்தைக்கும் குடுங்க. அவருக்கு வேணாம். உசுரோடவும் இருக்கலாம்."

அந்த ஆடி அமாவாசைக்கு வழக்கம்போல் போனேன். கடல் வற்றிக் கிடந்தது, சேறு கணுக்கால் வரை ஏறியது. என் முறை வந்ததும் ஐயர் இலையைப் போட்டு உட்காரச் சொன்னார். அப்பா பெயர், அம்மா பெயர், கோத்திரம். பல வருடப் பழக்கம், அவருக்கே மனப்பாடம்.

மூன்றாவதற்கு வாய் திறந்து, "அண்ணா பேரு சேகரன்தானே?" என்றார்.

"இல்லைங்க ஐயரே. ரெண்டுதான்" என்றேன்.